மொட்டை மாடியில் வாய் திறந்து நிற்கும் குழாய் எதற்கு? வெட்டினால் கீழ்வீட்டில் என்ன நடக்கும்?

மண்ணூர்பேட்டையில் சி.டி.எச். சாலையிலிருந்து உள்ளே பிரியும் தெருக்களில் வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கும். கீழே ஒரு குடும்பம், மாடியில் இரண்டு போர்ஷன், அதற்கும் மேலே ஷீட் போட்ட ஒரு ரூம். 1964-ல் அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்ததிலிருந்து, வேலைக்கு வருகிறவர்களுக்கு வாடகை வீடு கட்டிக் கொடுத்தே வளர்ந்த வட்டாரம் இது. இப்படிப்பட்ட வீடுகளில் அடிக்கடி நடக்கும் ஒரு பேச்சு உண்டு.

"அக்கா, மேல யாராவது ஃப்ளஷ் பண்ணா எங்க பாத்ரூம் தரையில 'களக் களக்'னு சத்தம் வருது. அப்புறம் ஒரே நாத்தம்."

"பினாயில் ஊத்தும்மா. சரியாப் போயிடும்."

போகாது. நாற்றம் வருவது கீழே என்றாலும், கோளாறு பெரும்பாலும் மொட்டை மாடியில் இருக்கிறது. அங்கே ஒரு குழாய் வானத்தைப் பார்த்து வாய் திறந்து நிற்க வேண்டும். தலையில் ஓட்டை ஓட்டையாக ஒரு தொப்பி. குழாய்க்கு 'வென்ட் பைப்' என்றும் தொப்பிக்கு 'கவுல்' என்றும் பிளம்பர்கள் பெயர் சொல்வார்கள். அதில் தண்ணீர் வருவதும் இல்லை, போவதும் இல்லை. எதற்கு என்று தெரியாததாலேயே, துணி காயப்போட இடம் போதவில்லை என்றாலும், சோலார் பேனல் வந்தாலும், மேலே ஒரு ரூம் எடுத்தாலும் முதலில் வெட்டுப்படுவது இதுதான். வெட்டியவருக்கு ஒன்றும் தெரியாது. கீழே குடியிருப்பவரின் மூக்குக்குத்தான் தெரியும்.

காவலுக்கு நிற்பது இரண்டு அங்குலத் தண்ணீர்

கழிவறைக் கோப்பைக்குப் பின்னால், சிங்க்குக்கு அடியில், குளியலறைத் தரை ஜாலிக்குக் கீழே என எல்லா இடத்திலும் குழாய் ஒரு வளைவு வளைந்துதான் போகும். பி ட்ராப், எஸ் ட்ராப், நானி ட்ராப் என்று கடையில் கேட்டு வாங்குவது இந்த வளைவைத்தான். அதில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்கும். அந்தத் தண்ணீர்தான் கதவு. கழிவு போகும்போது வழிவிடும். சாக்கடைக் காற்று திரும்பி வந்தால் தடுக்கும். 1775-ல் லண்டனில் அலெக்சாண்டர் கம்மிங் என்ற கடிகாரத் தொழிலாளி எஸ் வடிவ வளைவு வைத்த கழிவறைக்குக் காப்புரிமை வாங்கினார். இன்று வரை இதைவிட எளிய யோசனை யாருக்கும் கிடைக்கவில்லை.

ஆனால், இந்தக் கதவு ரொம்ப மெல்லியது. தேங்கும் தண்ணீரின் ஆழம் குறைந்தது 50 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்பது இந்தியக் கட்டட நெறிமுறை. 50 மில்லிமீட்டர் தண்ணீர் தாங்கும் அழுத்தம் எவ்வளவு? நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தத்தில் இருநூறில் ஒரு பங்கு. குழாய்க்குள் காற்றழுத்தம் அந்த அளவு கூடினாலோ குறைந்தாலோ கதவு திறந்துகொள்ளும்.

அப்படி ஏன் கூடிக் குறைய வேண்டும்? சமையல் எண்ணெய் டின்னை நினைத்துக்கொண்டால் போதும். டின்னில் ஒரே ஓட்டை போட்டுக் கவிழ்த்தால் எண்ணெய் விக்கி விக்கித்தான் வரும். அதனால்தான் கடைக்காரர் எதிர்மூலையில் இன்னொரு ஓட்டை போடுகிறார். அந்த இரண்டாவது ஓட்டை வழியாக எண்ணெய் வருவதில்லை. காற்று உள்ளே போகிறது. உடனே எண்ணெய் சீராகக் கொட்டுகிறது. மாடி வென்ட் பைப் என்பது இந்த இரண்டாவது ஓட்டை. அவ்வளவுதான் விஷயம்.

மூன்றாவது மாடியில் ஃப்ளஷ் இழுத்தால் அந்தத் தண்ணீர் நிறையக் காற்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டுதான் குழாயில் இறங்கும். அதற்குப் பின்னால் குழாய் காற்றுக்காக ஏங்கும். மேலே வாய் திறந்திருந்தால் அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். மூடியிருந்தால், கிடைக்கிற வழியில் எடுக்கும். அதாவது, நடுவில் உள்ள வீட்டின் ட்ராப்பில் நிற்கும் தண்ணீரை ஸ்ட்ரா போட்டு உறிஞ்சுவதுபோல உறிஞ்சிவிட்டு, அந்தப் பாத்ரூமில் இருந்து காற்றை இழுக்கும். 'களக்' சத்தம் அதுதான். இறங்கும் தண்ணீருக்கு முன்னால் இருப்பது நேர்மாறான கதை. அங்கே காற்று நசுங்கும். போக இடமில்லாமல் தரைத்தள ட்ராப்பை முட்டித் தள்ளிக்கொண்டு குமிழ் விடும். மேல்வீட்டில் உறிஞ்சல், கீழ்வீட்டில் தள்ளல். இரண்டிலும் கதவு திறந்துவிடுகிறது.

பழைய வீடுகளில் இந்தத் தொல்லை குறைவாக இருந்ததற்குக் காரணம் உண்டு. கழிவறைக்கு ஒரு குழாய், குளியல் தண்ணீருக்கும் சமையலறைக்கும் தனிக் குழாய். குளியல் தண்ணீர்க் குழாய் வெளியே கல்லி ட்ராப்பில் விழுந்து, அதன் பிறகுதான் கழிவறைக் குழாயோடு சேரும். இப்போது இடம் மிச்சம், செலவு மிச்சம் என்று எல்லாவற்றையும் ஒரே நான்கு இன்ச் குழாயில் சேர்க்கிறார்கள். அப்படிச் சேர்ப்பது தப்பில்லை. ஒழுங்காக வடிவமைத்தால் நன்றாகவே வேலை செய்யும். ஆனால், குழாய்களைக் குறைக்கக் குறைய மிச்சமிருக்கும் அந்த ஒரே வென்ட்டின் வேலை கூடுகிறது. நம்மூரில் குழாயையும் குறைத்துவிட்டு வென்ட்டையும் வெட்டிவிடுகிறார்கள்.

நாற்றம் என்ற அளவில் முடிந்தால் பரவாயில்லை

2024 ஜூன் 11. புதுச்சேரி ரெட்டியார்பாளையம் புதுநகர். காலையில் வீட்டுக் கழிவறைக்குச் சென்ற 72 வயதுப் பெண் மயங்கி விழுந்தார். தூக்கப் போன மகளும் விழுந்தார். அக்கம்பக்கத்தில் 15 வயதுச் சிறுமி ஒருவரும். மூன்று பேரும் இறந்துபோனார்கள். பாதாளச் சாக்கடையில் உருவான விஷவாயு கழிவறை வழியாக வீட்டுக்குள் வந்திருந்தது. வீட்டு இணைப்புகளில் தண்ணீர் அடைப்பு ஒழுங்காக இருந்ததா என்ற கேள்வி அப்போது பெரிதாக எழுந்தது. சாக்கடைக்குள் இறங்கியவர்கள் வாயு தாக்கி இறந்த செய்திகள் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல என்பது வேதனை. 2013-ல் சட்டம் போட்ட பிறகும் அது நிற்கவில்லை. ஆனால், சொந்த வீட்டுக் கழிவறைக்குள் போனவர்கள் அப்படி இறந்தது பலரையும் உலுக்கியது.

அந்த வாயுக்களில் முக்கியமானது ஹைட்ரஜன் சல்ஃபைடு. அழுகிய முட்டை நாற்றம். கொஞ்சமாக இருக்கும்போது மூக்கைத் துளைக்கும். பத்து லட்சத்தில் 100 பங்கு அளவைத் தொட்டால் மோப்ப நரம்பே மரத்துவிடும். நாற்றம் நின்றுவிட்டது என்று மனிதர் நினைப்பார். ஐநூறைத் தாண்டினால் சில நிமிடங்களில் சுருண்டு விழலாம். காற்றைவிடக் கனமானது என்பதால் சின்னப் பாத்ரூமில் தரையோடு தேங்கும்.

இங்கே ஒரு விஷயத்தை நேராகச் சொல்ல வேண்டும். வென்ட் பைப் இருந்தால் மட்டும் புதுச்சேரியைப் போன்ற விபத்துகள் நடக்கவே நடக்காது என்று யாரும் உறுதி தர முடியாது. ட்ராப்பே இல்லாத கழிவறையில் வென்ட் பாதி வேலைதான் செய்யும். ஆனால், அது ஒரே நேரத்தில் இரண்டு வேலை பார்க்கிறது: ட்ராப்பில் இருக்கும் தண்ணீரைக் காப்பாற்றுகிறது, குழாய்க்குள் சேரும் வாயுவுக்கு வானத்தை நோக்கி ஒரு வழியும் விடுகிறது. அந்த வழியை அடைத்துவிட்டால் வாயுவுக்கு மிச்சமிருப்பது வீட்டுக்குள் வரும் வழி மட்டும்தான்.

ஹாங்காங்கின் அமோய் கார்டன்ஸ் குடியிருப்பு இன்னொரு பாடம். 2003 மார்ச்சில் சார்ஸ் பரவியபோது அந்த ஒரே வளாகத்தில் 300-க்கும் மேற்பட்டோருக்குத் தொற்று வந்தது. விசாரித்ததில் கிடைத்த காரணங்களைப் படித்தால் ஏதோ அம்பத்தூர் அபார்ட்மென்ட்டைப் பற்றிச் சொல்வதுபோல இருக்கும். தரையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவாமல் மாப் போட்டே துடைத்ததால் தரை ட்ராப்கள் வறண்டு கிடந்தன. கதவைச் சாத்திக்கொண்டு எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டபோது அது சாக்கடைக் காற்றை உள்ளே இழுத்தது. வென்ட் குழாயிலும் ஒரு விரிசல் இருந்தது. நம்மூரில் பக்கெட் குளியல் இருக்கும்வரை குளியலறை ட்ராப் வறளாது. பால்கனியில், வாஷிங் மெஷின் ஓரத்தில், யாரும் பயன்படுத்தாத இரண்டாவது பாத்ரூமில் இருக்கும் ட்ராப்களுக்கு அந்த உத்தரவாதம் இல்லை.

விதி இருக்கிறது, பார்க்க ஆள் இல்லை

வென்ட் வைத்தால் மாடியில் நாற்றம் அடிக்குமே என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். முழங்கால் உயரத்தில் வைத்தால் அடிக்கத்தான் செய்யும். அதனால்தான் தேசியக் கட்டட நெறிமுறை உயரத்தைக் கணக்காகச் சொல்கிறது. ஆட்கள் புழங்கும் மொட்டை மாடி என்றால் குழாய் தளத்திலிருந்து குறைந்தது 2 மீட்டர் உயர வேண்டும். 3 மீட்டர் சுற்றளவில் ஏதாவது ஜன்னல் இருந்தால், அந்த ஜன்னலின் மேல்விளிம்பைவிட 2 மீட்டர் உயரம் தாண்டித்தான் வாய் இருக்க வேண்டும். செப்டிக் டேங்க்குக்கும் தனி வென்ட் வேண்டும் என்கிறது இந்தியத் தரநிலை: குறைந்தது 50 மில்லிமீட்டர் அகலம், கொசு புகாத வலை, வீட்டுக்கு 15 மீட்டருக்குள் டேங்க் இருந்தால் கட்டடத்தின் உச்சிக்கு மேல் 2 மீட்டர் உயரம். (மண்ணூர்பேட்டையில் வீட்டை விட்டு 15 மீட்டர் தள்ளி டேங்க் கட்டினால் அது அடுத்த தெருவில்தான் இருக்கும்.)

இந்த ஜன்னல் விதிதான் நெருக்கமான புறநகரில் உண்மையான தலைவலி. ஒரு வீட்டுக்காரர் ஒழுங்காக மாடிக்கு மேல் 2 மீட்டர் குழாய் வைக்கிறார். ஐந்து வருஷம் கழித்துப் பக்கத்து வீட்டில் இன்னொரு மாடி எடுக்கிறார்கள். இப்போது அந்தக் குழாயின் வாய் அவர்களுடைய பெட்ரூம் ஜன்னலுக்கு நேர் எதிரே. "என்ன சார், உங்க பைப்பு எங்க வீட்டுக்குள்ள நாறுது" என்று சண்டை வரும். உயர்த்துவதற்கு ஒரு லென்த் பைப்பும் ஒரு கிளாம்ப்பும் போதும். ஆனால், "நீங்க தானே மாடி எடுத்தீங்க, நீங்க செலவு பண்ணுங்க" என்று பேச்சு முட்டிக்கொள்ளும். கடைசியில் யாரோ ஒருவர் ஒரு எண்ட் கேப்பை வாங்கி மூடிவிடுவார். மாடிவாசிகள் சமாதானம் ஆகிவிடுவார்கள். கீழே வாடகைக்கு இருப்பவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

தன் வீட்டிலேயே மாடி எடுப்பவர்கள் செய்வது இதைவிட விசித்திரம். பழைய குழாயை உயர்த்தாமல் புது ரூமின் சுவருக்குள்ளேயே விட்டு, மேலே ஷீட் போட்டுவிடுகிறார்கள். கவுல் ரூமுக்குள்ளேயே இருக்கும். அந்த ரூமுக்கும் ஒருவர் வாடகைக்கு வருவார்.

இன்னொரு மாற்றமும் சத்தமில்லாமல் நடந்தது. அம்பத்தூர் தனி நகராட்சியாக இருந்து 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. பாதாளச் சாக்கடை இந்தப் பக்கம் கட்டம் கட்டமாகத்தான் வந்தது. அதற்கு முன்பு வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க். மெட்ரோ வாட்டர் இணைப்பு கிடைத்ததும் டேங்க்கைக் காலி செய்து மண் போட்டு மூடுவார்கள். டேங்க் போனால் அதன் வென்ட் பைப்பும் போகும். பல சிறு வீடுகளில் காற்றுப் போக இருந்த ஒரே வழி அதுதான் என்பது யாருக்கும் தோன்றாது. முன்பு குழாயின் மறுமுனையில் இருந்தது ஒரு குடும்பத்தின் டேங்க். இப்போது அங்கே இருப்பது ஒரு தெருவின் சாக்கடை. நடுவில் தடுப்பு ட்ராப் எதுவும் இல்லாவிட்டால் தெருக் காற்று முழுக்க வீட்டுக் குழாய் வரை வரும்.

அந்தக் காலத்து நகராட்சிகள் சாக்கடைக் காற்றைப் பெரிய விஷயமாகவே எடுத்துக்கொண்டன. சிட்னி நகரின் ஹைட் பார்க்கில் எகிப்திய ஸ்தூபி மாதிரி ஒரு தூண் நிற்கிறது. 1857-ல் சாக்கடை வாயுவை வெளியேற்றக் கட்டிய வென்ட் அது! அதை நகரத்தின் நடுவில் கம்பீரமாக நிறுத்தினார்கள். நாம் மாடியில் ஒரு பிவிசி குழாயை நிற்கவிட யோசிக்கிறோம்.

விதியை யார் பார்ப்பது என்பதில்தான் எல்லாம் நிற்கிறது. தேசியக் கட்டட நெறிமுறை தன்னளவில் பரிந்துரைதான். உள்ளூர் விதி எடுத்துக்கொண்டால்தான் கட்டுப்படுத்தும். தமிழ்நாட்டில் 2024 ஜூலையில் சுயசான்று முறை வந்தது. 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட ஆன்லைனில் உடனடி அனுமதி கிடைக்கிறது. அலைச்சலும் இடைத்தரகும் குறைந்தது நல்லதே. சிறிய குடியிருப்புகளுக்குக் கட்டட நிறைவுச் சான்றிதழும் கட்டாயமில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், மண்ணூர்பேட்டையில் ஒருவர் கட்டும் சாதாரண வீட்டின் மாடிக்கு ஏறி வென்ட் இருக்கிறதா என்று பார்க்க வேண்டிய அதிகாரி யாருமே இல்லை. மேஸ்திரிக்குத் தோன்றினால் உண்டு.

பழையபடி இன்ஸ்பெக்டர்களை வீடு வீடாக அனுப்பச் சொன்னால் அது வேறு கதையில் முடியும். ஆனால், ஒரே ஒரு நாள், அரசாங்கத்தின் ஆள் கட்டாயம் வீட்டு வாசலுக்கு வருகிறார்: சாக்கடை இணைப்பு கொடுக்கும் நாள். அன்று சேம்பரைத் திறந்து பார்ப்பவர் நிமிர்ந்து மாடியையும் பார்க்கலாம். வாய் திறந்த குழாய் இருக்கிறதா, இல்லையா? இல்லையென்றால் அது வந்த பிறகே இணைப்பு. சுயசான்று விண்ணப்பத்தில் எத்தனையோ ஆவணங்கள் கேட்கிறார்கள். கட்டி முடித்ததும் மாடி வென்ட்டின் ஒரு போட்டோவையும் பதிவேற்றச் சொல்லலாம். சிறு வீட்டுக்காரருக்கு இது கூடுதல் சுமை என்ற வாதம் எடுபடாது. ஹாலில் மாட்டும் ஒரு ஃபேன்சி விளக்கின் விலைக்குள் முடிகிற வேலை இது.

சத்தமும் நாற்றமும் சொல்வது என்ன?

ஊருக்குப் போய்விட்டுப் பொங்கல் முடிந்து திரும்பியதும் மட்டும் வீடு நாறுகிறது என்றால் ட்ராப் வறண்டிருக்கிறது. ஒரு குவளை தண்ணீர் போதும். கிளம்பும் முன் அதன்மேல் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் விட்டால் சீக்கிரம் ஆவியாகாது. மேலே தண்ணீர் விடும்போதெல்லாம் கீழே குமிழ் விட்டால், அல்லது ஃப்ளஷ் செய்ததும் கோப்பையில் தண்ணீர் மட்டம் இறங்கி நின்றால், சந்தேகம் வென்ட் மீது திரும்ப வேண்டும். எப்போதும் ஒரே மாதிரி நாற்றம் என்றால் ட்ராப்பே இல்லை, அல்லது எங்கோ குழாய் உடைந்திருக்கிறது. மாடியில் திறந்த குழாய்க்கு வழியே இல்லாத இடங்களில் 'ஏர் வால்வ்' ஒன்றை மாட்டுகிறார்கள். அது காற்றை உள்ளே விடும், வெளியே விடாது. உறிஞ்சலை நிறுத்தும், வாயுவை வெளியேற்றாது. ஒரு கட்டடத்தில் ஒரு திறந்த வென்ட்டாவது இருந்தால்தான் அதற்கு அர்த்தம்.

நாற்றத்துக்கு ஆசிட் ஊற்றுவது மோசமான பழக்கம். சாக்கடைக் கசடில் சல்ஃபைடு இருந்தால் ஆசிட் அதிலிருந்து ஹைட்ரஜன் சல்ஃபைடை இன்னும் கிளப்பும். பிளீச்சிங் பவுடரோடு சேர்ந்தால் குளோரின் வாயு.

மழைக்காலத்தில் இதெல்லாம் இரட்டிப்பாகும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது கொரட்டூர், அம்பத்தூர் பக்கம் தண்ணீர் நின்ற நாள்களை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மழைநீர் புகுந்து சாக்கடை நிரம்பும்போது அதற்குள் இருந்த காற்று முழுக்க வீட்டுக் குழாய்களுக்குள் ஏறும். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் தண்ணீர் டேங்க்கைக் கழுவ எப்படியும் மாடிக்கு ஏறுவார்கள். கவுல் உடைந்திருக்கிறதா, வலையைச் சிலந்தியோ குப்பையோ அடைத்திருக்கிறதா, யாராவது மூடி போட்டிருக்கிறார்களா என்று பார்க்க இரண்டு நிமிஷம் ஆகும். கொசுவுக்குப் பயந்து மூடி போட்டவர்கள் அதை எடுத்துவிட்டு வலையைக் கட்டலாம். கொசு நிற்கும், காற்று போகும். வாடகைக்கு வீடு பார்க்கப் போகிறவர்கள் "தண்ணி எப்படி, மீட்டர் தனியா?" என்று கேட்பதோடு ஒருமுறை மாடிக்கும் ஏறிப் பார்த்துவிடலாம்.

பாத்ரூமில் திடீரென அழுகிய முட்டை நாற்றம் கடுமையாக வந்தாலோ, உள்ளே போனவர் விழுந்துவிட்டாலோ, மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடக் கூடாது. புதுச்சேரியில் மகள் அப்படித்தான் போனார். கதவு, ஜன்னல்களைத் திறந்துவிட்டு, மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டு 108-ஐயும் 112-ஐயும் அழைக்க வேண்டும். தெருச் சாக்கடை அடைப்பு, நிரம்பி வழிதல் பற்றிய புகார்களுக்கு மெட்ரோ வாட்டரின் எண் 1916.